கிளிப்பச்சை நூல்

மீன் பிடிக்க என்ன வேண்டும்? ஒரு குச்சி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு புழு. அவ்வளவுதானே என்கிறீர்களா? நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போன வருடம் சென்னையில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். கூடவே ஏழாவது படிக்கிற மகள். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது என் கையில் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு பில் இருந்தது. மீன் மார்க்கெட்டில் அந்தக் காசுக்கு ஒரு வருடம் மத்தி வாங்கலாம். பி.காம். படித்தவன் இல்லையா, முதல் கணக்கு அதுதான் மனசில் ஓடியது.

கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதை விடச் சிக்கலான வேலை அது, நம்புங்கள். கம்பு எத்தனை அடி? நுனி மட்டும் வளைய வேண்டுமா, பாதி வரைக்கும் வளைய வேண்டுமா? ரீலில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் எத்தனை தடவை சுற்ற வேண்டும்? அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஷிமானோ என்று ஒரு பெயரைப் பார்த்ததும், 'இது சைக்கிள் கியர் கம்பெனியாச்சே!' என்று கேட்டேன். அதேதான். 1921-ல் ஜப்பானில் சைக்கிள் சாமான் செய்ய ஆரம்பித்தவர்கள், 1970-ல் தூண்டில் பக்கம் வந்திருக்கிறார்கள். சுற்றுகிற சாமானெல்லாம் சொந்தக்காரங்கதானே!

கடைப் பையன் பொறுமையாக விளக்கினான். ஏரியில் விரால் பிடிக்க வேண்டுமென்றால் சாதாரண நைலான் நரம்பு போதாது, 'பிரெய்டு' வேண்டும் என்றான். அதாவது பல மெல்லிய இழைகளைப் பின்னல் மாதிரி பின்னிய நூல். குண்டு துளைக்காத சட்டைகளில் போடுகிறார்களே, அந்த வகை பாலிஎதிலீன் இழை. தையல் நூல் தடிமன்தான் இருக்கும், 30 பவுண்டு, அதாவது பதிமூன்றரை கிலோ தாங்கும்.

நான் விலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல், கறுப்பு, கரும்பச்சை, அப்புறம் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை. "அப்பா, இது!" என்றாள். நூல் எங்கே போகுதுன்னு நமக்கு நல்லாத் தெரியும் சார், நல்ல செலக் ஷன்தான் என்றான் பையன். 100 மீட்டர் 900 ரூபாய். வாங்கிவிட்டேன்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னடியன் கால்வாய்க் கரையில் உட்கார்ந்தார் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை. முள்ளுக்கு மேலே கட்டுகிற ஈயம்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கடைக்கு வருகிற டின்களில் முத்திரை போட்டிருக்கும் ஈயத்தைப் பிய்த்து வைத்துக்கொள்வார். மொத்தச் சாமானும் ஒரு பவுடர் டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

அவருடைய இரண்டு பழக்கங்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒன்று, முள்ளைக் கட்டி முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் அதை வாயில் வைத்து எச்சில் பண்ணுவார். 'சீ!' என்பேன். இன்னொன்று, முள்ளுக்குப் பக்கத்தில் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் மெல்லிசான நரம்பாகப் போடுவார். மேலே தடித்த நரம்பு, கீழே மெல்லிசு. பெரிய மீன் மாட்டினால் 'டப்'பென்று அந்த இடத்தில்தான் அறும். ஒரு தடவை முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், கரைக்கு வந்து, என் கண்ணெதிரே அறுத்துக்கொண்டு போனது. எனக்குப் பத்து வயசு. அழுதேன். 'கஞ்சத்தனம் பண்ணி மெல்லிசு நரம்பு போட்டா இப்படித்தான்' என்று வீட்டில் வந்து அம்மாவிடம் கோள் மூட்டினேன். அப்பா காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தானோ என்னவோ, நான் வாங்கிய சாமானில் அறுகிற வேலையே இருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

வாங்கினால் போதுமா, சோதிக்க வேண்டாமா? பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கினேன். நூலின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையைத் தராசில் மாட்டி, ஹாலில் நின்று இழுப்பது. முள் முறிந்து தெறித்தால் கண் போய்விடும் என்பதால் ஹெல்மெட். மனைவி காபியோடு வந்தவள் என் கோலத்தைப் பார்த்து, "ஏங்க, மீன் ஹாலுக்கே வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் அந்த நாலு நாளில் நான் கற்றுக்கொண்டது, நாலு வருடம் காலேஜில் கற்றதை விட அதிகம். (மூணு வருடப் படிப்புதான். காஸ்ட் அக்கவுன்டன்சி அரியர் ஒரு வருடம்.)

முதலில் 20 பவுண்டு நைலான் நரம்பு. அட்டைப் பெட்டியில் ஒன்பது கிலோ என்று போட்டிருந்தது. முடிச்சே போடாமல் இரண்டு பக்கமும் பாட்டிலில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். ஒன்பதைத் தாண்டித்தான் அறுந்தது. பரவாயில்லையே! அடுத்து முள்ளைக் கட்டி இழுத்தேன். ஐந்தரை கிலோவில் போய்விட்டது. மறுபடி கட்டினேன். மறுபடி ஐந்தரை. அறுந்தது முடிச்சில்தான். அதாவது பெட்டியில் போட்டிருப்பது நரம்பின் பலம். மீன் இழுத்துப் பார்ப்பது நம் முடிச்சின் பலத்தை. அதைப் பெட்டியில் போட முடியாது.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நைலானைக் காய்ந்தபடியே இறுக்கும்போது நூலும் நூலும் உரசி அந்தச் சின்ன இடத்தில் சூடு உண்டாகிறது. சூட்டில் நைலான் கெட்டுப்போகிறது. ஈரமாக்கிவிட்டு மெதுவாக இறுக்கினால் சூடு ஏறாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முடிச்சை வாயில் வைத்து எச்சில் பண்ணி இறுக்கினேன். தராசில் மாட்டி இழுத்தேன். ஏழரை கிலோ!

'சீ' என்று சொன்ன வாய்தான் அந்த ஏழரையைக் கொடுத்தது.

இன்னும் சிலதும் தெரிந்தது. அறுந்த முனையை உற்றுப் பாருங்கள். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டினவன் தப்பு. அப்புறம், நைலான் தண்ணீரைக் குடிக்கும். ஊறினால் கொஞ்சம் பலம் குறையும். உலகச் சாதனை மீன்களுக்குக் கணக்கு வைக்கிற ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற அமைப்பு 1939-லிருந்து இருக்கிறது. அவர்கள் நூலை நனைத்துத்தான் இழுத்துப் பார்க்கிறார்கள். கடையில் காய்ந்த நூலை இரண்டு கையிலும் பிடித்து 'டங் டங்'கென்று இழுத்துப் பார்த்து வாங்குகிறோமே, அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, விரல் வெட்டுப்படுவதைத் தவிர.

ரீலில் 'டிராக்' என்று ஒரு திருகு உண்டு. மீன் ரொம்ப இழுத்தால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற பிரேக். அதையும் தராசை மாட்டித்தான் வைக்க வேண்டும். நூல் அறுகிற எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் எல்லோரும் கையால் இழுத்துப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் வைக்கிறார்கள். நம் கை எத்தனை பெரிய பொய்யன் என்று தராசைக் கேட்டால் தெரியும்.

இத்தனையும் சோதித்த பிறகு, தேர்ந்தெடுப்பதில் கோட்டை விட்டேன் பாருங்கள், அதுதான் கதை.

பிரெய்டு நூலின் முனையில் ஒன்றிரண்டு அடி நைலான் நரம்பைச் சேர்த்து, அதில்தான் முள்ளைக் கட்ட வேண்டும். 'லீடர்' என்பார்கள். எத்தனை பவுண்டு லீடர்? நான் கணக்குப் போட்டேன். விராலுக்குப் போடுகிற ரப்பர் தவளை ஒன்று 350 ரூபாய். நூல் ஒரு மீட்டர் ஒன்பது ரூபாய். நஷ்டம் வந்தால் எது போகக் கூடாது? தவளை. ஆகவே, தவளைப் பக்கம்தான் பலம் அதிகமாக இருக்க வேண்டும். நூல் 30, லீடர் 40. பாலன்ஸ் ஷீட் மாதிரி அப்படியே பொருந்திவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

செங்கல்பட்டு பக்கம் ஒரு ஏரி. பேர் வேண்டாம். நடுத் தண்ணீரில் கருவேல மரங்கள் நிற்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறு சாயங்காலம் நானும் மகளும் கரையில் நின்றோம். முதல் அரை மணியில் ஒரு விரால் தவளையை அடித்தது, முள்ளில் ஏறாமல் போனது. ஆசை யாரை விட்டது? மரத்தை ஒட்டிப் போட்டால் நிச்சயம் என்று குறி பார்த்து வீசினேன். தவளை போய்க் கருவேலங்கிளையில் மாட்டிக்கொண்டது.

இழுத்தேன். வரவில்லை. இந்தப் பக்கம் நடந்து, அந்தப் பக்கம் நடந்து இழுத்தேன். கிளை ஆடியது, தவளை வரவில்லை. நூலைக் கையில் சுற்றி இழுத்தேன். விரலில் பிளேடு போட்ட மாதிரி வெட்டி ரத்தம் வந்தது, நூல் அறவில்லை. அறாதபடிதானே தேர்ந்தெடுத்திருக்கிறேன்! படகு இல்லை. இருட்ட ஆரம்பித்துவிட்டது. கொசு. மகள் போகலாம்ப்பா என்றாள். கத்தியை எடுத்துக் கம்பு நுனியில் வைத்து நூலை வெட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: தவளை 350, நூல் சுமார் 30 மீட்டர் 270. நஷ்டம் 620.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். கரையில் இறங்கும்போதே மகள் நின்றுவிட்டாள். அந்தக் கருவேல மரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த குடை மாதிரி. காற்றில் மெதுவாகத் திரும்பியது.

நீர்க்காகம்.

குத்தகைக்காரரின் ஆள் தெர்மாகோல் தெப்பத்தில் போய், வெட்டி எடுத்து வந்து கரையில் போட்டார். ஒரு இறக்கையிலும் இரண்டு கால்களிலும் நூல் சுற்றியிருந்தது. பாலிஎதிலீன் தண்ணீரில் முழுகாது, மிதக்கும். வெட்டிவிட்ட முனை தண்ணீரின் மேல் அலைந்திருக்கிறது. பறவை மீனுக்கு முழுகி எழுந்த இடத்தில் அதில் சிக்கியிருக்க வேண்டும். மரத்தில் ஏறி உட்காரப் பார்த்திருக்கிறது. அங்கேயே தொங்கிவிட்டது. எத்தனை நாள் உயிரோடு தொங்கியதோ. இறக்கைக்குக் கீழே நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது.

"யாரோ வுட்டுட்டுப் போய்ட்டானுங்க சார். வலைன்னா நாங்க எட்த்துனு பூடுவோம். இந்த நூலுதான் பேஜாரு. எங்க கெடக்குதுன்னே தெரியாது" என்றார் அவர்.

யாரோ என்று நானும் தலையாட்டியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன் உங்களிடம். தலையை ஆட்டத்தான் போனேன். அதற்குள் மகள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, இது நம்ம நூலு."

கிளிப்பச்சை. அவள் தேர்ந்தெடுத்த நிறம்.

1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் நீர்க்காகத்தைச் சுடக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது. துப்பாக்கிக்குக்கூட லைசென்ஸ் கேட்பார்கள். என்னிடம் ஒரு நூல் கண்டு இருந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நைலான் நரம்பு தண்ணீரில் மக்கிப்போக 600 வருடம் ஆகும் என்று ஒரு மதிப்பீடு அடிக்கடி சொல்லப்படுகிறது. நைலானைக் கண்டுபிடித்ததே 1935-ல்தான். உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை. என் நூலுக்கு 600 வருடம் தேவைப்படவில்லை, இரண்டு வாரம் போதுமாக இருந்தது.

வீடு வரும் வரை மகள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கை நடுக்கம், கால்வாய்ப் பக்கம் போய் வருஷமாகிறது. சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டேன். "அப்பா, முள்ளு பக்கத்துல மெல்லிசு நரம்பு போடுவீங்களே, எதுக்கு?"

"எதுக்குல இப்பக் கேக்க?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மூக்கம்மா கன்னுக்குட்டி தெரியும்லா, நொண்டிக்கிட்டே திரியும்லா?" என்றார். தெரியும். எங்கள் தெருவில் ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடக்கும். பிறவிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். "நான் வுட்ட நரம்புதாம்ல. கரையில புல்லு மேயப் போன எடத்துல கால்ல சுத்திருச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் பாத்தா. அதுக்குப் பெறவுதான் முள்ளு பக்கத்துல மெல்லிசா கெட்ட ஆரம்பிச்சேன். எங்கன மாட்டுனாலும் இழுத்தா முள்ளோட அறுந்துரும், நரம்பு பூரா கைக்கு வந்துரும். மீனு போச்சுன்னா போகட்டும்ல."

"எங்கிட்ட சொல்லவேயில்லையேப்பா."

"நீ கஞ்சப்பயன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. நானும் சரின்னு விட்டுட்டேன். கன்னுக்குட்டிக் கதைக்கு அதுவே தேவலாம்னு பட்டுச்சு."

முப்பத்தைந்து வருடம் அப்பா அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

இப்போது என் தேர்வு தலைகீழ். நூல் 30, லீடர் 20. எங்கே மாட்டினாலும் லீடரோடு, முள் பக்கத்தில் அறுந்துபோகும். அப்படி அறுப்பதற்கும் ஒரு முறை உண்டு, உங்களில் யாராவது தூண்டில் போடுகிறவர்கள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நூலைக் கையில் சுற்றாதீர்கள். ஒரு கட்டையில் நாலு சுற்று சுற்றி, மரத்துக்கு நேர்க்கோட்டில் நின்று பின்னாலேயே நடங்கள். முள்ளின் எதிர்முனையைக் கொறடால் நசுக்கிவிடுகிறேன். அறுத்துக்கொண்டு போகிற மீன் சீக்கிரம் உதறிவிடும். ஈயத்தையும் விட்டுவிட்டேன். தூண்டிலில் போடுகிற சின்ன ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்தன என்று பிரிட்டனில் 1987-லேயே அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். நம் ஊர்க் கடையில் இன்னும் கொட்டிக் கிடக்கிறது. நான் இரும்பு நட்டு கட்டிக்கொள்கிறேன். வெட்டிய துண்டு நூல்களைப் போட ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில். என்னுடையது மட்டுமில்லை, கரையில் கிடப்பதெல்லாம். பாட்டில் இரண்டு தடவை நிறைந்துவிட்டது.

இதில் நஷ்டம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். இதுவரை மூணு தவளை போயிருக்கிறது, 1,050 ரூபாய். ஒரு நல்ல விராலும் போனது, முழங்கை நீளம்தான். பாசிக்குள் புகுந்துகொண்டது, லீடர் தாங்கவில்லை. 40 போட்டிருந்தால் வந்திருக்கும்.

மகள் அதற்குப் பிறகு ஏரிக்கு வரவில்லை. கூப்பிட்டேன், ஹோம் ஒர்க் இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமையிலா? ஆனால் போன வாரம் நான் ஹாலில் ஜன்னல் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். பத்து முடிச்சு கட்டி இழுத்ததில் எட்டு முள் பக்கத்தில் அறுந்திருந்தது, இரண்டு மட்டும் நூலும் லீடரும் சேருகிற இடத்தில். அந்த இரண்டுதான் என் தலைவலி. நடு முடிச்சுக்கு இன்னும் நாலு சுற்று கூட்டிக் கட்டினேன். வாயில் வைத்து நனைத்தேன். அவள் 'சீ' என்று சொல்லவில்லை.

"நான் இழுக்கறேன்" என்று தராசை வாங்கிக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துப் பின்னாலேயே நடந்தாள். நாலு... அஞ்சு... ஆறரை... முள் எண்ணிக்கொண்டே போனது.

"ஏழரை. அறுந்துடுச்சு."

"எங்கே?"

குனிந்து, முனையை விரலில் எடுத்துப் பார்த்தாள். "முள்ளு பக்கத்துலதான்" என்றாள். "இன்னொண்ணு கட்டுங்க."